கதவு நிலையில் ஓர் உள்ளங்கை

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, இரண்டொரு நாள் இருக்கும். பள்ளிக்கூடத்தில் வேலை முடிந்து, நனைந்த சப்பாத்தோடு வீட்டுக்கு வருகிறேன். எங்கள் வாசலில் மச்சாள் முக்காலியில் ஏறி நிற்கிறார். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருக்கிறது, மற்றக் கை தேய்த்துக்கொண்டிருக்கிறது. எலுமிச்சைச் சவர்க்கார வாசம் வெளிப் படலைக் கதவு வரைக்கும் வருகிறது.

மச்சாள் என்பது என் கணவர் அருளின் மூத்த சகோதரி பிலோமினா. ஹம்பேர்க்கில் இருக்கிறவர். நத்தாருக்கு எங்களோடு நிற்க முதல் நாள் பின்னேரம்தான் ரயிலில் வந்திருந்தார். வந்தால் சும்மா இருக்க மாட்டார். பெருநாளுக்கு முன் வீடு கழுவாவிட்டால் கிறிஸ்து பாலன் பிறக்கமாட்டார் என்கிற ஆள்.

என்னைக் கண்டதும் முக்காலியில் நின்றபடியே குனிந்து, இரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நல்ல வேளை நான் கண்டன். கள்ளன் வந்து குறி போட்டிட்டுப் போயிருக்கிறான். நீங்கள் ஒருத்தரும் நிமிந்து பாக்கிறேல்லையோ?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். கடும்பச்சை நிறப் பூச்சு, மழை பெய்து விட்டதுபோலப் பளிச்சென்று இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் பள்ளிக்கூடத்தைச் சொல்ல வேண்டும்.

சப்பாத்துக் கழற்றும் பள்ளிக்கூடம்

எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னால் ஹனோவரில் இருக்கிறவர்களுக்கே தெரியாது. ரயிலில் வந்து, பஸ் மாறி, பீற்றூட் வயல்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் வரவேண்டும். முதலில் தெரிவது கோயில் கோபுரம். கோயில் என்று நான் எழுதுவது மாதா கோயிலை. அதன் மதிலோடு ஒட்டினபடி நிற்பதுதான் பள்ளிக்கூடம். பூசைக்கு மணி அடித்தால் கணக்குப் பாடம் நின்றுவிடும், ஏனென்றால் ரீச்சர் பேசுவது ஒருவருக்கும் கேட்காது.

கோயில் பள்ளிக்கூடம், ஆரம்பப் பள்ளிக்கூடம், நாலு வகுப்பு. நாலாம் வகுப்பு முடிந்தால் பிள்ளைகள் பட்டணத்துக்குப் பஸ் ஏறவேண்டும். பிள்ளைகள் குறைவாக இருப்பதால் முதலாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் இருக்கும். காலையில் எல்லோரும் வட்டமாக நின்று செபம் சொல்வார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் சிலுவை அடையாளம் போடுவார்கள், மற்றப் பிள்ளைகள் அவர்களைப் பார்த்து அரைகுறையாகக் கையை ஆட்டுவார்கள். ஒருவரும் திருத்துவதில்லை.

நான் அங்கே மத்தியானத்து ஆள். சாப்பாடு பரிமாறுவது, பிறகு தாய் தகப்பன் வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. ஜேர்மன் பாஷையில் அதற்கு ஒரு நீண்ட பெயர் இருக்கிறது. சம்பளத் தாளில் மட்டும் அதைப் பார்ப்பேன். பிள்ளைகளுக்கு நான் ஃபிரௌ ராணி.

போன கிழமை இந்தத் தொடரில் பள்ளிக்கூடச் சமையலறையைப் பற்றி எழுதியிருந்தேன். பாரிஸிலிருந்து ஒரு வாசகி, வெள்ளைக்காரப் பிள்ளைகள் நீங்கள் வைக்கும் பருப்பைச் சாப்பிடுவார்களா என்று கேட்டிருந்தார். சாப்பிடுவார்கள், தங்கச்சி. "வேண்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். கேட்காமல் வைத்தால் சாப்பிடுவார்கள். இந்த நாட்டில் பிள்ளைகளிடம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கிறார்கள். நான் அந்தப் பழக்கத்துக்கு இன்னும் வரவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் சப்பாத்தோடு போக முடியாது. நடையில் வரிசையாகக் கொளுக்கிகள். ஒவ்வொரு கொளுக்கிக்கு மேலும் ஒரு மிருகத்தின் படம், கீழே அந்தப் பிள்ளையின் வீட்டுச் செருப்பு. கம்பளிச் செருப்பு, முயல் காது வைத்த செருப்பு, அண்ணனிடமிருந்து வந்த பெரிய செருப்பு. சப்பாத்தைக் கழற்றிச் செருப்பை மாட்டினால்தான் வகுப்பு. முதன்முதல் இதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற வழக்கத்தை எங்கள் ஆக்கள் மட்டும்தான் வைத்திருக்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து வெளியே போகப் பார்த்தால் நடையில் ஒரே சத்தம். எல்லாச் சப்பாத்தும் இடம் மாறிக் கிடக்கின்றன. நரிப் பிள்ளையின் சப்பாத்து ஆந்தைப் பிள்ளையின் இடத்தில். ஒருவன் மட்டும் வாங்குப் பலகையில் அமைதியாக இருந்து தன் சப்பாத்துக்கு நாடா கட்டுகிறான். அவன்தான் யோனாஸ்.

இடக்கைக்காரன்

யோனாஸ் கட்டையான பெடியன். நாலாம் வகுப்பு, ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு நிறுத்தினால் வித்தியாசம் தெரியாது. இடக்கையால் எழுதுவான். எழுதும்போது கை எழுத்தின்மேல் போவதால் அவனுடைய உள்ளங்கை எப்போதும் நீலமாக இருக்கும். சாப்பிட வரும்போது நான் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பேன். அவன் சிரித்துக்கொண்டு கழுவப் போவான்.

பருப்புக்கு இரண்டாம் தரம் கோப்பை நீட்டுகிற பிள்ளை அவன். தாய் கத்ரின் பட்டணத்தில் பல் வைத்தியரிடம் வேலை செய்தார். பின்னேரம் கூட்டிக்கொண்டு போக வரும்போது, வீட்டில் இவன் எதையும் இரண்டாம் தரம் கேட்பதில்லை, நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று என்னிடம் கேட்பார். சீரகம் என்று சொன்னேன். வாங்கிப் போட்டுப் பார்த்தாராம், சரிவரவில்லையாம்.

மூன்று ராசாக்கள்

தை மாதம், அதாவது ஜனவரி, பிறந்தவுடன் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பாலனைப் பார்க்க வந்த மூன்று ராசாக்கள்போல உடுத்து, பொன் கடுதாசி ஒட்டின முடி வைத்து, நட்சத்திரம் கட்டின தடியோடு வீடு வீடாகப் போவார்கள். பாடுவார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கென்று உண்டியல் குலுக்குவார்கள். போகும்போது மந்திரித்த வெண்கட்டியால் கதவு நிலையில் எழுதுவார்கள். வருஷ இலக்கத்தின் முதல் பாதி, நடுவில் மூன்று எழுத்து, பிறகு வருஷத்தின் மறுபாதி. இடையிடையே நட்சத்திரமும் சிலுவையும். அந்த மூன்று எழுத்தும் ராசாக்களின் பெயர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிக்கட்டும் என்பதன் லத்தீன் சுருக்கம் என்று பாதர் சொல்வார்.

எழுதியதை ஒருவரும் அழிப்பதில்லை. மழை அழித்தால் அழிந்தது. இல்லாவிட்டால் அடுத்த தையில் புது ராசாக்கள் வந்து பழையதைத் துடைத்துப் புதிதாக எழுதுவார்கள்.

மச்சாள் வந்த அந்த வருஷம், தையில், வெண்கட்டி யோனாஸின் கையில். இத்தனை உயரமான பிள்ளைகள் இருக்க ஏன் இவன் என்று பள்ளிக்கூட அதிபரிடம் கேட்டேன். அவன் கேட்டான், வேறு ஒருவரும் கேட்கவில்லை என்றார். எல்லா வீட்டிலும் எட்டாத உயரத்துக்கு எழும்பி, கோணல் மாணலாக எழுதியிருக்கிறான். எங்கள் வீட்டுக்கு வந்தபோது குசினியிலிருந்து முக்காலி கொண்டுவந்து கொடுத்தேன். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதினான். கடைசி எழுத்து முடிந்ததும் முக்காலி ஆட, விழாமலிருக்க இடக்கையை நிலையில் அழுத்திவிட்டான். கை எடுத்தபோது எழுத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு உள்ளங்கை. ஐந்து விரலும் இருந்தன.

கூட வந்த அதிபர் லேஞ்சியை எடுத்துத் துடைக்கப் போனார். நான்தான் விடுங்கள் என்றேன். யோனாஸ் என் முகத்தைப் பார்த்து, கோபமா என்று கேட்டான். கோபமில்லை என்று மூவருக்கும் பயற்றம் உருண்டை கொடுத்தேன். யோனாஸ் ராசா தன் உருண்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார், பிறகு சாப்பிடுவாராம்.

சொல்லாத பெயர்

ஈஸ்டர் விடுமுறையில் யோனாஸுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது அவன் இல்லை.

இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு முறை எழுதி வெட்டினேன். அவன் செத்துப்போனான். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

அவனுடைய கொளுக்கிக்கு மேலே முள்ளம்பன்றியின் படம். கீழே கம்பளிச் செருப்பு, பெருவிரல் பக்கம் ஓட்டை. ஒருவரும் அதைத் தொடவில்லை. பிள்ளைகள் காலையில் சப்பாத்துக் கழற்றும்போது அந்த இடத்தைச் சுற்றிப் போனார்கள். கோடை விடுமுறைக்கு முதல் நாள், எல்லோரும் போன பிறகு கத்ரின் வந்தார். அந்தச் சின்ன வாங்கில் இருந்து, செருப்பை மடியில் வைத்திருந்தார். அதிபர் பக்கத்தில் நின்று காலநிலையைப் பற்றிப் பேசினார். நல்ல மனுஷி அவர். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பேசினார்.

இங்கே துக்கத்தைத் தொடாமல் சுற்றிப் போவதுதான் மரியாதை. கத்ரின் முன்னால் அவனுடைய பெயரை ஒருவரும் சொன்னதில்லை. வெதுப்பகத்தில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவரும் சொல்வதில்லை. "அவன்" என்பார், அல்லது ஒன்றும் சொல்லமாட்டார். எங்கள் ஆக்கள் என்றால் வீடு நிறைய வந்து, எப்படி நடந்தது, கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று கேட்டுக் கேட்டே ஆளை அழவைத்துவிடுவார்கள். எது நல்லது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சவ அடக்கத்துக்கு அடுத்த நாள் யோனாஸின் தகப்பன் தங்கள் வீட்டு நிலையில் மகன் எழுதியதை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் பார்க்க ஏலாமல் போயிற்றாம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கத்ரினுக்கும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அதற்குப் பிறகு கத்ரின் நாயைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடக்கத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகள்

முதலில் நாய்க்காக என்று நினைத்தேன். ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும் நேரம் எங்கள் படலையடியில் நிற்பார். கண்டால் தலையாட்டுவார், போய்விடுவார். பிறகுதான் விளங்கியது. ஊரில் மழை படும் கதவுகளில் எல்லாம் யோனாஸின் எழுத்து கரைந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் வாசலுக்கு மேல் நீண்ட கூரை இருப்பதால் இங்கே மட்டும் அப்படியே இருந்தது. எழுத்து மட்டுமல்ல, கையும்.

கோடையில் ஒரு ஞாயிறு, கிட்ட வந்து பார்க்கலாமா என்று கேட்டார். நான் கதவைச் சாத்தி வழிவிட்டேன். தன் கையை அந்தக் கைக்கு நேரே கொண்டுபோனார், ஆனால் தொடவில்லை. தொட்டால் தூள் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமே. அப்படியே கொஞ்ச நேரம் காற்றில் கையை வைத்திருந்தார். வீட்டில் அவனுடைய கொப்பிகள், படங்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் அவனுடைய கை இங்கேதான் இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். சில நாள் தேத்தண்ணி குடிப்பார், சில நாள் மாட்டார். மார்கழி நெருங்க அவருக்கு ஒரே பயம். தையில் புது ராசாக்கள் வந்து துடைத்துவிடுவார்களே. நான் அதிபரிடம் போய்ப் பேசினேன். எங்கள் வீட்டில் மற்றப் பக்கத்து நிலையில் எழுதச் சொல்கிறேன் என்றார். கத்ரினுக்கு அதைச் சொன்னபோது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அருள் தன் பங்குக்கு, அதன்மேல் கண்ணாடித் தகடு ஒன்று அடிக்கலாமா என்று அளவெடுத்தார். ஆணி அடிக்கிற அதிர்ச்சியில் தூள் கொட்டிவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டோம்.

எல்லாம் யோசித்தோம். ஹம்பேர்க்கிலிருந்து ஒரு மச்சாள் வருவார் என்பதை யோசிக்கவில்லை.

இருபது பவுண்

மச்சாள் ஹம்பேர்க்கில் நாலாம் மாடியில் இருக்கிறவர். அங்கே ராசாக்கள் வந்து அவர் கண்டதில்லை. ஆனால் அவருடைய தொலைபேசியில் தமிழ் ஆக்களின் குழுக்கள் நிறைய. அதில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. தமிழர் வீட்டில் நகை இருக்கும் என்று கள்ளருக்குத் தெரியுமாம். பகலில் வந்து வெண்கட்டியால் குறி போட்டுவிட்டு, ஆள் இல்லாத நேரம் வருவார்களாம். சிலுவை போட்டால் ஒரு அர்த்தம், நட்சத்திரம் போட்டால் ஒரு அர்த்தம்.

எங்கள் நிலையில் சிலுவையும் இருந்தது, நட்சத்திரமும் இருந்தது. வருஷத்தின் முதல் பாதியை மச்சாள் பார்த்திருக்கிறார்.

"இருபது எண்டு போட்டிருந்தது. இருபது பவுண் நகை இருக்கெண்டு எழுதியிருக்கிறான். கையையும் வைச்சுப் பாத்திருக்கிறான். சின்னக் கை. சின்னப் பிள்ளையளை விட்டுத்தான் இப்ப உளவு பாக்கிறாங்களாம்."

வேறொரு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். என் கழுத்தில் தாலிக்கொடியைத் தவிர ஒரு பொட்டுப் பவுண் கிடையாது. நான் வாசற்படியில் இருந்துவிட்டேன். இருந்தபடியே முழுவதையும் சொன்னேன். மச்சாள் முக்காலியிலிருந்து இறங்கினார். நான் சொல்லச் சொல்ல அவருடைய முகம் வெளிறிக்கொண்டு போனது. கையிலிருந்த துணியைப் பார்த்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. இப்போதே அந்தத் தாயின் வீட்டுக்குப் போவோம், சாப்பாடு ஏதும் செய்துகொண்டு போவோம் என்றார். சொல்லாமல் கொள்ளாமல் இங்கே ஒருவர் வீட்டுக்கும் போவதில்லை, முதலில் டெர்மின், அதாவது எந்த நேரம் வரலாம் என்று, கேட்கவேண்டும் என்றேன்.

"செத்த வீட்டுக்கு டெர்மின் எடுத்துக்கொண்டே போறது?" என்று கேட்டார்.

அருள்தான், நத்தார் நாளில் அந்தத் தாயின் தலையில் இதையும் போடவேண்டாம், ஞாயிறு வருவாதானே என்றார். நத்தார் பூசையில் கத்ரினை நான் தேடினேன், வரவில்லை. மச்சாள் பாலன் குடிலுக்கு முன்னால் முழங்காலில் நின்றவர், எழும்பவே இல்லை.

வாசலில்

ஞாயிறு மழை விட்டிருந்தது. நாங்கள் பூசைக்குப் போகவில்லை. நான் சொல்லவேண்டியதை ஜேர்மன் பாஷையில் மனதுக்குள் கட்டி வைத்திருந்தேன். மச்சாள் விறாந்தையில் கோட் போட்டபடி கதிரையில் இருந்தார். நாயின் சங்கிலிச் சத்தம் கேட்டதும் எனக்கு முன்னால் அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மச்சாளுக்குத் தெரிந்த ஜேர்மன் பாஷை ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கிப் பழகின பாஷை. அதில் இதற்கு வார்த்தை இல்லை. தன் நெஞ்சில் கையை வைத்து, "நான் துடைத்தேன். நான். ராணி இல்லை. எனக்குத் தெரியாது," என்று மட்டும் சொன்னார்.

கத்ரின் நிலையைப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கள்ளன் கதையை, குழுச் செய்தியை, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டாரோ தெரியாது. கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"துடைத்த அந்தத் தண்ணீர் எங்கே?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. மச்சாளுக்கு விளங்கிவிட்டது. படியோரம் இலையில்லாமல் நிற்கும் ரோசாச் செடியைக் காட்டினார்.

"பீலிக்க ஊத்தேல்லை, பிள்ளை. செடிக்குத்தான் ஊத்தினனான். மண்ணிலதான் கிடக்கு," என்று தமிழிலேயே சொன்னார். வடிகாலுக்குள் ஊற்றவில்லை என்பதையும் சேர்த்து நான் மொழிபெயர்த்தேன்.

கத்ரின் நாயின் சங்கிலியை என்னிடம் தந்தார். செடியடியில் போய் ஈரத்தில் முழங்காலிட்டார். கையுறையைக் கழற்றிவிட்டு, கையை மண்ணில் வைத்து அழுத்தினார். இந்த முறை தொடுவதற்குப் பயமில்லை. மச்சாளும் முழங்கால் வருத்தத்தோடு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பக்கத்தில் இருந்தார். மூட்டு மடங்கும்போது முனகினது எனக்குக் கேட்டது.

பிறகு மச்சாள் ஜேர்மன் பாஷையில் கேட்டார்.

"மகனுக்கு என்ன பெயர்?"

நான் பதறிப்போனேன். நான்தான் அவரிடம் பெயரை எத்தனையோ தரம் சொல்லியிருந்தேனே. மச்சாளுக்குப் பெயர் தெரியும். தாயின் வாயால் கேட்கவேண்டும் என்றுதான் கேட்கிறார், செத்த வீட்டில் கேட்பதுபோல. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் கத்ரினிடம் ஒருவரும் கேட்டதே இல்லை.

கத்ரின் தலையை நிமிர்த்தி அந்த முன்பின் தெரியாத கிழவியைப் பார்த்தார்.

"யோனாஸ்," என்றார்.

மச்சாள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார். கத்ரின் இன்னொரு முறை சொன்னார், பிறகும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அழுதது தெரு முழுக்கக் கேட்டது.